மனச்சோர்வுக்கு மாத்திரை உண்பது ஈமானின் குறைவா?



நம் வீடுகளில் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகள் எல்லோர் கண்ணிலும் படும்படி அலமாரியின் மேல்தட்டிலே இருக்கின்றன. மனச்சோர்வுக்குரிய மாத்திரை மட்டும் பீரோவில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. சம்பந்தம் பேச வருபவர் காணக் கூடாது. மாமியார் காணக் கூடாது. சில வீடுகளில் கணவரே காணக் கூடாது. சின்னாளப்பட்டி போன்ற சிற்றூரில் மருந்துக்கடைக்காரர் தெரிந்தவராக இருப்பார் என்பதற்காக, திண்டுக்கல்லுக்குப் பேருந்து ஏறிச் சென்று மருந்து வாங்கி வருவோரும் உண்டு. இவ்வாறு ஒளித்து உண்ணப்படும் மருந்துக்கு இரண்டு கதிகளே வாய்க்கின்றன. ஒன்று, யாரோ ஒருவர் சொல்லைக் கேட்டு ஒரே நாளில் நிறுத்தப்படுகிறது. மற்றொன்று, பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கப்படுகிறது. எந்த மருத்துவரும் அதை மறுபடி பார்ப்பதில்லை. இரண்டுமே தீங்கு என்பது நம் கருத்து. அதற்கான காரணத்தை மார்க்கத்திலிருந்தும் மருத்துவத்திலிருந்தும் எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில், துயரம் ஈமானுக்கு எதிரானதன்று. யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தால் கண்பார்வை வெளுக்கும் அளவுக்கு வாடியதைச் சூரா யூஸுஃபில் ஓதுகிறோம். அழகிய பொறுமையைப் பேசிய அதே நபிதான் அவ்வாறு வாடினார். பிரசவ வேதனையில் மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்பே தாம் இறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியதையும் குர்ஆன் மறைக்கவில்லை. கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டைத் துயர ஆண்டு என்றே ஸீரா நூல்கள் பெயரிட்டு அழைக்கின்றன. இத்தனையும் ஓதிவிட்டு, எழுந்திருக்கவும் உண்ணவும் மனமின்றிப் படுத்திருக்கும் ஒரு பெண்ணிடம் "தொழுதால் சரியாகிவிடும், உனக்குத் தவக்குல் போதாது" என்று சொல்ல நமக்கு எப்படி நா எழுகிறது?

நாட்டுப்புற அரபிகள் சிலர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று வினவியதையும், செய்துகொள்ளுங்கள், முதுமை ஒன்றைத் தவிர எல்லா நோய்க்கும் நிவாரணம் உண்டு என்னும் கருத்துப்பட அவர்கள் விடையளித்ததையும் அபூதாவூதும் திர்மிதியும் பதிவு செய்துள்ளனர். உடல் நோய்க்கு மட்டும் என்று அங்கே வரம்பு ஏதும் இல்லை. துக்கம் அடைந்தவருக்குத் தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சியைக் கொடுக்கச் சொன்ன நபிவழி நம்முடையது. மனத்துயருக்கு வாயால் உட்கொள்ளும் ஒன்று உதவக்கூடும் என்பது நம் மரபுக்குப் புதிய செய்தியன்று.

அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞரை நம் மத்ரஸாக்களில் அதிகம் பேசுவதில்லை. ஹிஜ்ரி 322இல், அதாவது கிபி 934இல் மறைந்தவர். உடலுக்கும் உள்ளத்துக்கும் நலம் தருவனவற்றைப் பற்றி ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்றொரு நூல் எழுதினார். துக்கத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். இழப்பு முதலிய தெரிந்த காரணத்தால் வருவது ஒன்று. காரணம் தெரியாமலே ஒருவரைக் கவ்விக்கொள்வது மற்றொன்று. பின்னதன் வேர் உடலில் இருக்கிறது என்று கருதி, அதற்கு உடல்சார்ந்த மருத்துவத்தையும், முன்னதற்கு நல்லுரையையும் சிந்தனைப் பயிற்சியையும் அவர் பரிந்துரைத்தார். இன்றைய மருத்துவர் மாத்திரையையும் பேச்சு மருத்துவத்தையும் சேர்த்து எழுதும்போது, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தப் பகுப்பின் அருகிலேதான் நிற்கிறார். 1284இல் கெய்ரோவில் எழுந்த மன்ஸூரி மருத்துவமனையில் மனநோயாளருக்கென்று தனிப்பகுதி இருந்தது.

இனி அந்த மாத்திரை மூளையில் செய்வது என்னவென்று பார்ப்போம். சற்றுப் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறோம். இது தெரிந்தால்தான் ஏன் திடீரென நிறுத்தக் கூடாது என்பது விளங்கும்.

செரட்டோனின் என்னும் வேதிப்பொருள் 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. நம் உடலில் அதன் பெரும்பகுதி, ஏறத்தாழ 90 விழுக்காடு, குடலில்தான் இருக்கிறது. மூளையில் அதைச் சுரக்கும் நரம்பணுக்கள் மிகச் சொற்பம். சுமார் 8,600 கோடி நரம்பணுக்களுள் அவை சில இலட்சமே. மூளைத்தண்டின் நடுவில் ராஃபே எனப்படும் இடத்தில் அவை குழுமியிருக்கின்றன. ஆயினும் அவற்றின் இழைகள் மூளை முழுவதும் பரவி, உறக்கம், பசி, அச்சம், வலி, மனநிலை ஆகிய அனைத்திலும் கைவைக்கின்றன.

இந்தச் செய்தி வரலாற்றில் நம்மவருக்கும் ஒரு பங்கு உண்டு. பித்துக்கும் உறக்கமின்மைக்கும் நம் நாட்டு வைத்தியர்கள் தொன்றுதொட்டுப் பயன்படுத்திய மூலிகை சர்ப்பகந்தி. தில்லியில் திப்பியா கல்லூரியை வளர்த்தவரும் ஜாமியா மில்லியாவின் முதல் வேந்தருமான ஹகீம் அஜ்மல் கான், இம்மூலிகையை நவீன வேதியியல் முறையில் ஆராயும்படி ஸலீமுஸ்ஸமான் ஸித்தீகியை ஊக்குவித்தார். ஹகீம் 1927இல் மறைந்தார். 1931இல் வேரிலிருந்து தாம் பிரித்தெடுத்த பொருளுக்கு ஸித்தீகி ‘அஜ்மலின்’ என்று அவர் பெயரையே சூட்டினார். அதே வேரிலிருந்து 1952இல் சுவிட்சர்லாந்தில் ரிசர்பின் பிரிக்கப்பட்டது. அது மூளையின் செரட்டோனினை வற்றச் செய்கிறது என்று 1955இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். இரத்த அழுத்தத்திற்காக ரிசர்பின் உண்டோருள் சிலர் சோர்வில் ஆழ்ந்ததாகவும் மருத்துவர்கள் எழுதினர். அத்தொடர்பு அவ்வளவு உறுதியானதன்று என்று பின்வந்தோர் சொன்னாலும், செரட்டோனினுக்கும் மனநிலைக்கும் உறவுண்டு என்னும் எண்ணம் வலுப்பெற்றது அப்போதுதான். யூனானி ஹகீம் ஒருவர் தம் மூலிகையைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பத் தயங்கவில்லை என்பதை, ‘ஆங்கில மருந்து வேண்டாம்’ என்று பேசுவோர் நினைவில் கொள்ளட்டும்.

ஒரு நரம்பணு அடுத்ததற்குச் செய்தி சொல்லும்போது இரண்டுக்கும் இடையேயுள்ள நுண்ணிய இடைவெளியில் செரட்டோனினை விடுகிறது. வேலை முடிந்ததும், அனுப்பிய அணுவே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சும் அந்த வாயிலை அடைப்பவையே ஃபுளூவாக்ஸடின், செர்ட்ராலின், எஸ்சிடாலோப்ராம், பராக்ஸடின் முதலிய மருந்துகள். இவற்றுள் ஃபுளூவாக்ஸடினுக்கு அமெரிக்காவில் 1987இல் அனுமதி கிடைத்தது. வழக்கமான அளவில் உண்டாலே வாயில்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு அடைபடுகிறது. அதுவும் சில மணி நேரத்திலேயே நிகழ்கிறது. ஆனால் நோயாளியின் மனம் தெளிய இரண்டு வாரம், நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம் ஆகிறது. வாயில் உடனே அடைபட்டும் நலம் ஏன் தாமதிக்கிறது?

மேல்நிலைத் தொட்டியில் மிதவை ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீர் ஏறினால் மிதவை உயர்ந்து குழாயை அடைக்கும். செரட்டோனின் சுரக்கும் அணுக்களின் மீதும் அத்தகைய மிதவைகள் உள்ளன. அவற்றைத் தன்னேற்பிகள் எனலாம். மாத்திரை உண்ட முதல் நாள்களில் செரட்டோனின் மிகுவதை அவை உணர்ந்து, போதும் என்று சுரப்பைக் குறைத்துவிடுகின்றன. மருந்து ஒரு பக்கம் கூட்ட, மூளை மறுபக்கம் குறைக்கிறது. வாரங்கள் செல்லச் செல்ல அம்மிதவைகள் தளர்கின்றன. அணுக்கள் பழைய வேகத்தில் இயங்கத் தொடங்குகின்றன. வாயிலோ அடைபட்டே இருக்கிறது. அப்போதுதான் செரட்டோனின் உண்மையில் மிகுகிறது. அதைத் தொடர்ந்து எதிர்ப்புறத்து ஏற்பிகளுள் சில குறைகின்றன. நரம்பணுக்களிடையே புதிய இணைப்புகள் வளர்வதற்குத் துணையாகும் புரதங்கள் பெருகுவதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆக, நெடுநாள் மருந்து உண்டவரின் மூளை, மருந்து இருக்கும் என்பதை ஒப்புக்கொண்டு தன்னைத் திருத்தியமைத்துக்கொண்ட மூளை. முதல் வாரத்திலேயே "இது வேலை செய்யவில்லை" என்று விடுவதும் தவறு. நான்காம் ஆண்டில் ஒரே நாளில் விடுவதும் தவறு. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

திடீரென நிறுத்தினால் வாயில்கள் சில நாள்களில் திறந்துகொள்ளும். ஆனால் திருத்தியமைக்கப்பட்ட ஏற்பிகள் அத்தனை விரைவில் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. தலைசுற்றல், குமட்டல், உறக்கமின்மை, காரணமற்ற சினம், அழுகை, தலைக்குள் மின்சாரம் தாக்கியது போன்ற உணர்வு ஆகியன சிலருக்கு வருகின்றன. உடலில் விரைந்து கரையும் பராக்ஸடின், வென்லாஃபாக்ஸின் ஆகியவற்றில் இத்தொல்லை மிகுதி; வாரக்கணக்கில் தங்கும் ஃபுளூவாக்ஸடினில் குறைவு. 2024இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மருந்தை நிறுத்தியோருள் 31 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஓர் அறிகுறி தோன்றியிருந்தது. போலி மாத்திரையை நிறுத்தியோரிலும் 17 விழுக்காட்டினருக்குத் தோன்றியிருந்தது. எல்லோருக்கும் வருவதில்லை, ஆனால் வருவது கற்பனையும் அன்று.

நம் சமூகத்தில் இந்த அறிகுறிகளுக்கு வேறு பெயர் சூட்டப்படுகிறது. மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள் அந்தப் பெண் கத்துகிறாள், தலைக்குள் ஏதோ பாய்கிறது என்கிறாள், இரவெல்லாம் விழித்திருக்கிறாள். உடனே ஜின்னின் வேலை என்று முடிவு கட்டி, ஓதிப்பார்ப்பவரிடம் அழைத்துச் செல்கிறார்கள். ருக்யா மார்க்கத்தில் உள்ளது. அதை நாம் மறுக்கவில்லை. குர்ஆன் ஓதி ஊதுவதற்கும் மாத்திரை உண்பதற்கும் இடையே எந்தப் பகையும் இல்லை. ஆனால் ஓதுபவர் எவராயினும் மாத்திரையை நிறுத்தச் சொல்வாரானால் அவர் தம் வரம்பைக் கடந்துவிட்டார். மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்த்தவர் அதனால் விளையும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்னும் கருத்திலான நபிமொழி அபூதாவூதிலும் நஸாயீயிலும் இருக்கிறது. இதைத் தாயத்துக் கட்டுபவருக்கு மட்டுமன்று, மிம்பரில் நின்று பேசும் நமக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

இப்படிப்பட்ட அறியாமைக்கு என்ன விலை என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை கண்டது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலை, ஏர்வாடியில் மனநோயாளர் தங்க வைக்கப்பட்டிருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றியது. உள்ளிருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர், ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகவே தடை செய்கிறது. பின்னாளில் குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் ‘தவா, துஆ’ என்ற பெயரில், வழிபாட்டுக்கு வருவோருக்கு அவ்விடத்திலேயே மனநல மருத்துவமும் கிடைக்கச் செய்தார்கள். ஏர்வாடிக்கும் அம்முறை வந்தது. தர்கா பற்றி நமக்குள் இருக்கும் கருத்து வேறுபாடுகளை இங்கே விவாதிக்கவில்லை. மருந்தும் துஆவும் ஒரே வாயிலில் நிற்கலாம் என்பதை அங்கே ஏற்றுக்கொண்டவர்கள் அறிவுடையோர்.

இனி, மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

2022இல் லண்டன் ஆய்வாளர் சிலர், மனச்சோர்வு செரட்டோனின் குறைவால்தான் வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டனர். "செரட்டோனின் கதையே பொய், மாத்திரை மோசடி" என்று அது வாட்ஸ்அப்பில் சுற்றியது. ஆய்வு சொன்னது நோயின் காரணத்தைப் பற்றி; மருந்து உதவுகிறதா என்பது வேறு கேள்வி. தலைவலி, பாராசிட்டமால் குறைவினால் வருவதில்லை. ஆயினும் பாராசிட்டமால் தலைவலியைத் தணிக்கிறது. மனச்சோர்வு ஒற்றை வேதிப்பொருளின் பற்றாக்குறை என்று எளிமைப்படுத்திச் சொன்னது பிழையே. அது பிழை என்பதால் இன்றிரவு மாத்திரையை வீசிவிடலாம் என்பது அதனினும் பெரிய பிழை.

நெடுநாள் உண்பதில் விலை இல்லாமலும் இல்லை. உடல் எடை கூடலாம். முதியோருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பமும் தடுமாற்றமும் வரலாம். ஆஸ்பிரின், வலி மாத்திரை ஆகியவற்றோடு சேரும்போது இரத்தக் கசிவு மிகலாம். தாம்பத்திய நாட்டம் குறைவது பரவலாகக் காணப்படும் விளைவு; சிலருக்கு மருந்தை நிறுத்திய பின்னும் அது தொடரக்கூடும் என்று 2019இல் ஐரோப்பிய மருந்து முகமை எச்சரிக்கையில் சேர்த்தது. இதைச் சொல்ல வெட்கப்பட்டு, வாழ்க்கைத் துணையின் அன்பு போய்விட்டது என்று தவறாக எண்ணிக் குடும்பம் கசந்து போவதைவிட, மருத்துவரிடம் ஒரு வாக்கியம் சொல்லிவிடுவது மேல். ஹயா நம் மார்க்கத்தின் அழகு. மருத்துவரிடம் நோயை மறைப்பது ஹயா ஆகாது.

மற்றொரு விளைவைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் அது மருத்துவரிடம் போகாமல் ஆலிம்களிடம் வந்து சேரும் கேள்வி. "ஹஜ்ரத், எனக்கு இப்போதெல்லாம் துஆவில் கண்ணீர் வருவதில்லை. தஹஜ்ஜுத் தொழுகிறேன், உள்ளம் கல்லாக இருக்கிறது. அல்லாஹ் என் இதயத்தை முத்திரையிட்டுவிட்டானா?" இவ்வாறு கேட்போருள் சிலர் இம்மருந்தை உண்பவர்கள். துக்கம் மழுங்குவதோடு மகிழ்ச்சியும் மழுங்கும் நிலை மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. 2023இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் சிலர், நோயற்ற தன்னார்வலர்களுக்குக் குறைந்தது 21 நாள் எஸ்சிடாலோப்ராம் கொடுத்துப் பார்த்தனர். பரிசும் இழப்பும் காட்டிக் கற்பிக்கும் பயிற்சியில் அவர்களின் உணர்திறன் குறைந்திருந்தது. ஆகவே கண்ணீர் வராதது மருந்தின் விளைவாக இருக்கலாம்; மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழியுண்டு. ஃபிக்ஹு நூல்கள் தொழுகையின் நிபந்தனைகளை வரிசையாகச் சொல்கின்றன. அவற்றுள் கண்ணீர் இல்லை. மரத்த உள்ளத்தோடு, எழ மனமில்லாமல் எழுந்து தொழும் ஃபஜ்ரை அல்லாஹ் குறைவாக மதிப்பான் என்று எண்ண நமக்கு எந்த ஆதாரமும் தெரியவில்லை.

இது போதைப்பொருளாகாதா என்றும் கேட்கப்படுகிறது. போதை அறிவை மறைப்பது. உண்ட உடனே கிளர்ச்சி தருவது. மேலும் மேலும் வேண்டும் என்று நஃப்ஸைத் தூண்டுவது. இம்மாத்திரைகளில் அவை இல்லை. யாரும் எஸ்சிடாலோப்ராமுக்காக ஏங்கி நகையை அடகு வைப்பதில்லை. உடல் பழகிக்கொள்வதும் போதைக்கு அடிமையாவதும் வெவ்வேறு. உறக்கத்திற்கென்று தரப்படும் அல்பிரசோலம் போன்றவை வேறு வகை. அவற்றில் அடிமையாகும் அபாயம் மெய்யாகவே உண்டு. இரண்டையும் ஒரே கூடையில் போட்டு ஃபத்வா பேசக் கூடாது.

எவ்வளவு காலம் உண்பது? மனம் தெளிந்த பின்னும் 9 முதல் 12 மாதம் தொடர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். மீண்டும் மீண்டும் நோய் வந்தவர்க்கு அது நீளும். அதற்குப் பின் வாழ்நாள் முழுதும் என்பது விதியன்று. இங்கிலாந்தில் நெடுநாள் மருந்து உண்டு நலமாயிருந்த 478 பேரிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குள், மருந்தைத் தொடர்ந்தோருள் 39 விழுக்காட்டினருக்கும் படிப்படியாக நிறுத்தியோருள் 56 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. நிறுத்துவதில் ஆபத்து கூடுதல். ஆயினும் நிறுத்தியோருள் பத்தில் நால்வருக்கு மேல் நலமாகவே இருந்தனர். இதில் எவர் எந்தப் பக்கம் என்பதை உங்கள் வரலாற்றை அறிந்த மருத்துவரோடு பேசித்தான் தீர்மானிக்க வேண்டும். பக்கத்து வீட்டாருக்கு நிறுத்த முடிந்தது என்பது ஆதாரமாகாது.

குறைக்கும்போது ஒரு நுட்பம் உண்டு. சிடாலோப்ராம் 20 மில்லிகிராமில் வாயில்களில் சுமார் 80 விழுக்காடு அடைபடுகிறது. 9 மில்லிகிராமுக்குக் குறைத்தாலும் சுமார் 70 விழுக்காடு அடைபட்டே இருக்கும். 5 மில்லிகிராமிலும் ஏறத்தாழ 60. அதாவது முதல் பாதியைக் குறைப்பது எளிது. கடைசித் துண்டை விடுவதே பெரிய வீழ்ச்சி. "பாதியாக்கினேன், ஒன்றும் ஆகவில்லை, ஆகவே விட்டுவிட்டேன்" என்பவர்கள் அங்கேதான் இடறுகிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் உண்பதும் நல்ல முறையன்று. விரைந்து கரையும் மருந்துகளில் அது மூளையை ஏற்றி இறக்கி அலைக்கழிக்கும். மருத்துவர் சொல்லும் சிறு சிறு படிகளில், வாரங்களோ மாதங்களோ எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். கருவுற்ற பெண்கள் அச்சத்தால் தாமாக நிறுத்துவதும் இதே காரணத்தால் தவறு. 25 வயதுக்குட்பட்டோர் மருந்து தொடங்கிய முதல் வாரங்களில், தற்கொலை எண்ணம் எழுகிறதா என்று வீட்டார் கவனமாகப் பார்த்திருக்க வேண்டும்.

திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நம் ஊரிலிருந்து அரைமணி நேரப் பேருந்துப் பயணம். வீட்டை விட்டு வெளியேற முடியாதவர்கள் டெலி மானஸ் உதவி எண்ணான 14416ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. ஜமாஅத் நிர்வாகிகள் அந்த எண்ணைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும், குறிப்பாகப் பெண்கள் மத்ரஸாவின் சுவரிலும் எழுதி வைப்பார்களானால் நன்று.

ரமளானில் பெரும்பாலான இம்மாத்திரைகளை நாளுக்கு ஒருமுறை, நோன்பு திறந்த பின்னோ ஸஹரிலோ உண்ண இயலும். நோன்பும் கெடாது, மருந்தும் தவறாது. லித்தியம் உண்பவர்கள் மட்டும் தனிக்கவனம் கொள்ள வேண்டும். உடலில் நீர் வற்றினால் அதன் அளவு இரத்தத்தில் ஏறி ஆபத்தாகும். நோயாளிக்கு நோன்பில் அளிக்கப்பட்டுள்ள சலுகை மனநோயாளிக்கும் உரியதே. நேரத்தை மாற்றுவதானால் பிறை தெரிந்த பின் பரபரக்காமல், ஷஃபான் முதல் வாரத்திலேயே சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய்விடுங்கள்.